வின்கிரிஸ்டின்: சிரிஞ்சிலிருந்து பைக்கு

கீமோ மருந்து கலக்கும் அறைக்கு வேலைக்கு வருபவர்களுக்கு மருந்துகள் முதலில் நிறத்தால்தான் பழக்கமாகும். டாக்ஸோரூபிசின் சிவப்பு, மெத்தோட்ரெக்சேட் மஞ்சள், மைட்டோசான்ட்ரோன் அடர்நீலம். வின்கிரிஸ்டினுக்கு நிறமே கிடையாது. ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம். பெரியவர்களுக்குக்கூட ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டுவது வழக்கமில்லை. ஆக மொத்த மருந்தே 2 மில்லிதான். அந்த அறையில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

இது நித்தியகல்யாணியிலிருந்து வருவது என்று தெரிந்ததும் நோயாளியின் வீட்டார் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அந்தச் செடிதான் எங்கேயும் பூத்துக் கிடக்கிறதே, இலையைக் கொதிக்க வைத்துக் கொடுத்தால் ஆகாதா?" கோபப்பட்டுப் பயனில்லை, நியாயமாகத் தோன்றும் கேள்விதான். அந்த இலையில் ஆல்கலாய்டுகள் எனப்படும், உடம்பில் வேலை செய்யும் வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன; இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் தொடுபவை அவற்றில் உண்டு. நமக்கு வேண்டிய வின்கிரிஸ்டின் மிக மிகக் குறைவு, அதுவும் செடிக்குச் செடி மாறும். ஒரு கிராம் பிரித்தெடுக்க டன் கணக்கில் காய்ந்த இலை வேண்டும். கஷாயத்தில் பயன் தரும் அளவு இருக்காது, கெடுதல் செய்யும் அளவு இருக்கலாம். இவ்வளவுதான் சொல்வேன். பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

இது மருந்தான விதமே ஒரு திசைமாற்றம்தான். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இந்த இலையைக் கொதிக்க வைத்துக் குடித்து வந்தார்கள். 1952இல் அங்கிருந்து கிளார்க் நோபல் என்ற மருத்துவருக்குச் சில இலைகள் தபாலில் வந்தன. அவர் அதைக் கனடாவில் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தம்பி ராபர்ட் நோபலிடம் கொடுத்தார். எலிகளுக்கு வாய்வழியே கொடுத்துப் பார்த்தால் சர்க்கரை இறங்கவில்லை. ஊசியில் ஏற்றியபோது எலிகள் கிருமித் தொற்றில் செத்தன. ரத்தத்தைப் பார்த்தால் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. வேறொருவராக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார். நோபலும் வேதியியலாளர் சார்லஸ் பீரும், வெள்ளை அணுக்களைக் குறைப்பது எதுவோ அது ரத்தப் புற்றுநோயிலும் வேலை செய்யலாம் என்று அந்தப் பொருளைத் துரத்திப் பிடித்தார்கள். அது வின்பிளாஸ்டின், 1958இல் அறிவித்தார்கள். அதே காலத்தில் எலி லில்லி நிறுவனத்தில் கார்டன் ஸ்வோபோடாவின் குழுவும் இதே செடியில் இறங்கியிருந்தது. அங்கே கிடைத்த இன்னொரு ஆல்கலாய்டு வின்கிரிஸ்டின், 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இந்த இரண்டு மூலக்கூறுகளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் வித்தியாசம் கேட்பேன். இரண்டுமே பெரிய மூலக்கூறுகள். வின்டோலின், காத்தராந்தின் என்ற இரண்டு பாதிகளைச் செடி ஒட்டிச் செய்தவை. வின்டோலின் பக்கத்து நைட்ரஜன் ஒன்றில் வின்பிளாஸ்டினுக்கு மெத்தில் தொகுதி; வின்கிரிஸ்டினுக்கு அதே இடத்தில் பார்மில் தொகுதி. வின்பிளாஸ்டினின் மூலக்கூறு எடை 811, வின்கிரிஸ்டினுடையது 825. இரண்டு ஹைட்ரஜன் போய் ஓர் ஆக்சிஜன் வந்திருக்கிறது, வேறொன்றுமில்லை. செடியில் வின்கிரிஸ்டின் அரிது என்பதால், சற்றுத் தாராளமாகக் கிடைக்கும் வின்பிளாஸ்டினை கடுங்குளிரில் ஆக்சிஜனேற்றம் செய்து இதை உண்டாக்கும் வழக்கமும் உண்டு.

அந்தச் சின்ன மாற்றத்துக்கு உடம்பு கொடுக்கும் விலை வேறு. வின்பிளாஸ்டின் எலும்பு மஜ்ஜையை அடிக்கும், வின்கிரிஸ்டின் மஜ்ஜையைப் பெரும்பாலும் விட்டுவிட்டு நரம்பை அடிக்கும். அளவும் வேறு. ஹாட்ஜ்கின் நோய் என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு ஒரு பெரியவருக்கு வின்பிளாஸ்டின் 10 மில்லிகிராம் போவது சாதாரணம். அந்த 10 மில்லிகிராமை வின்கிரிஸ்டினில் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. பெயர்கள் இத்தனை ஒத்துப்போகும் இரண்டையும் ஒரே தட்டில் அடுக்கி வைக்கும் பழக்கம் எந்த மருந்தகத்திலும் இருக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். குளிர்பதனப் பெட்டியில் இடம் இல்லை என்பார்கள். இடம் உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நரம்பு ஏன் அடிபடுகிறது? உயிரணு பிரியும்போது குரோமோசோம்களை இருபக்கமும் இழுத்துப் பிரிப்பவை நுண்குழாய்கள். டியூபுலின் என்னும் புரதம் கோத்துக் கோத்து அவை வளரும். வின்கிரிஸ்டின் டியூபுலினில் ஒட்டிக்கொண்டு அந்தக் கோப்பைத் தடுக்கிறது. பிரிய முற்பட்ட புற்றணு பாதியில் நின்று சாகிறது. நரம்பணு பிரிவதில்லைதான். ஆனால் முதுகில் தொடங்கிக் கால்விரல் வரை ஓடும் இழைக்குள் வேண்டியதை எல்லாம் கொண்டு சேர்ப்பதும் இதே நுண்குழாய்கள்தான். நீளமான நரம்புகள் முதலில் படுத்துக்கொள்வதன் காரணம் அது. விரல் மரத்துப் போகும், பாதத்தைத் தூக்க முடியாமல் படியில் தடுக்கும், சில பிள்ளைகளுக்குத் தாடை வலிக்கும். நிறுத்திய பின் பெரும்பாலும் மெதுவாகத் தேறுகிறார்கள்.

ரத்தக் குழாயில் ஏற்றும்போது இவ்வளவோடு போகிறது, ஏனென்றால் ரத்தத்திலிருந்து மூளைக்கும் தண்டுவட நீருக்கும் இந்த மருந்து மிகக் குறைவாகவே கடந்து செல்லும். அதே 2 மில்லியை முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரில் விட்டால் முடிந்தது. கால் செயலிழந்து, அது மேலே ஏறி, நாட்களிலோ வாரங்களிலோ மரணம். உடனே அந்த நீரை வடித்துக் கழுவியதில் பிழைத்தவர்கள் வெகு சிலர்; அவர்களும் ஊனத்தோடுதான்.

யார் முதுகில் போடப் போகிறார்கள் என்று தோன்றும். லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய் உள்ள ஒரு குழந்தைக்கு ஒரே நாளில் ரத்தக் குழாய்வழியே வின்கிரிஸ்டினும், முதுகுவழியே மெத்தோட்ரெக்சேட்டோ சைட்டரபினோ எழுதுவது வழக்கமான சிகிச்சை. இரண்டு சிறிய சிரிஞ்ச், ஒரே தட்டு, ஒரே அவசரம். இப்படி நடந்தது 1968லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அதன் பிறகும் பல நாடுகளில் திரும்பத் திரும்ப நடந்தது. 2001 ஜனவரியில் பிரிட்டனில் நாட்டிங்ஹாமில் நோய் தணிந்து தொடர் சிகிச்சைக்கு வந்த 18 வயது இளைஞருக்கு நடந்து, அடுத்த மாதம் அவர் இறந்தார். அந்த விசாரணை அறிக்கையைப் படித்தவர்களுக்குத் தெரியும்: அங்கே அலட்சியமான ஒரு வில்லன் இல்லை. லேபிள் இருந்தது, விதி இருந்தது, படித்தவர்கள் இருந்தார்கள்.

ஆகவே எச்சரிக்கை ஒட்டுவதோடு நிற்கக் கூடாது என்று 2007இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது: வின்கிரிஸ்டினை சிரிஞ்சில் கொடுக்காதீர்கள், சிறிய சலைன் பையில் கரைத்துக் கொடுங்கள். 50 மில்லி பையை முதுகு ஊசியில் மாட்டி அழுத்த யாருக்கும் தோன்றாது, கையும் வராது. எனக்கு இந்த யோசனையில் பிடித்தது, அது யாருடைய கவனத்தையும் நம்பவில்லை என்பதுதான்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இதைக் கொண்டுவந்தபோது எதிர்ப்பு வந்தது டாக்டர்களிடமிருந்து அல்ல, வார்டு சிஸ்டர்களிடமிருந்து. மூத்த சிஸ்டர் ஒருவர் நேராகக் கேட்டார்: "சார், ஊசி நழுவினால் சிரிஞ்சில் என் கைக்கே தெரிந்துவிடும். பையில் தொங்கவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?" சரியான கேள்வி. ரத்தக் குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கும் மருந்து இது. அதனால் விதியோடு வேலைமுறையும் எழுத வேண்டியிருந்தது. தொடங்கும் முன் ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது, கையிலுள்ள ரத்தக் குழாயில் ஏற்றும்போது பம்ப் வைக்காமல் தானாக இறங்கவிடுவது, அந்த ஐந்து பத்து நிமிடமும் பக்கத்தைவிட்டு நகராமல் இருப்பது. கசிந்தால் வெந்நீர் ஒத்தடமும், கசிந்த மருந்தைப் பரவவிட்டு நீர்த்துப்போக வைக்கும் ஹயலுரானிடேஸ் என்ற நொதி ஊசியும். டாக்ஸோரூபிசினுக்குக் குளிர் ஒத்தடம், இதற்குச் சூடு. பதட்டத்தில் மாறிப்போகும் என்பதால் பெட்டி மேலேயே எழுதி ஒட்டினோம். இந்த வேலைமுறையில் பாதி அந்த சிஸ்டர் சொல்லித்தான் வந்தது. பையில் கொடுத்த மருத்துவமனைகளில் கசிவு மிக அரிதாகவே இருந்ததை வெளியான ஆய்வுகளும் காட்டின. ஐந்து நிமிடம் உட்கார ஆள் எங்கே என்பதுதான் உண்மையான சிக்கல், அது இன்றும் எல்லா இடத்திலும் தீர்ந்தபாடில்லை.

பை வந்ததும் எங்கள் கவலை எல்லாம் தீர்ந்துவிடவில்லை. இந்த மருந்தைக் கல்லீரலின் சைப்3ஏ நொதிகள் உடைக்கின்றன. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைக்குப் பூஞ்சைத் தொற்று வந்து இட்ராகோனசோலோ வோரிகோனசோலோ தொடங்கினால் அந்த நொதிகள் அடங்கிவிடும். வழக்கமான அளவே அதிக அளவாகிவிடும். பூஞ்சை மருந்தை எழுதுபவர் ஒருவர், கீமோ எழுதுபவர் வேறொருவர். இரண்டு சீட்டும் சேரும் இடம் மருந்தகம் மட்டுமே.

வீட்டுக்குக் கிளம்பும்போது முடி கொட்டுமா, சாப்பாட்டில் என்ன பத்தியம் என்று கேட்பார்கள். நான் கேட்பது ஒன்றே: கடைசியாக எப்போது மலம் போனது? குடலை அசைக்கும் நரம்புகளையும் இந்த மருந்து விட்டுவைப்பதில்லை, வயிறு அடைத்துக் குடல் அசைவே நின்றுபோய் அறுவைப் பிரிவு வரை போனவர்கள் உண்டு. பதின்வயதுப் பையன்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அம்மா பதில் சொல்வார். மலமிளக்கி மருந்தை முதல் நாளே எழுதி வாங்கிக் கொடுத்து, இரண்டு நாள் போகவில்லை என்றால் மூன்றாம் நாள் வரை பார்க்காமல் போன் செய்யுங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.