முகூர்த்தப் பட்டும் நாலு அந்துருண்டையும்

போன வாரம் தங்கச்சிக்கு முகூர்த்தப் புடவை எடுக்கப் போயிருந்தோம். கடையில உட்கார்ந்து அவ அம்பது புடவைய பிரிச்சுப் போட்டுப் பாத்துட்டு இருக்கா, நான் பக்கத்துல உட்கார்ந்து "எடுக்கறது பெருசில்லடி, கல்யாணம் முடிஞ்ச மறுநாள் அதை என்ன பண்ணுவ சொல்லு"ன்னு கேட்டேன். "ஆரம்பிச்சுட்டா"ன்னு அம்மாவைப் பாத்து சிரிக்கிறா. என் கதை வீட்டுல எல்லாருக்கும் மனப்பாடம், அதான்.

எனக்கு 2019 ஆவணில கல்யாணம். அரக்கு கலர், கிளிப்பச்சை பார்டர், கோர்வை போட்ட (உடம்பையும் பார்டரையும் தறியிலயே கோர்த்து நெஞ்ச) புடவை, காஞ்சிபுரத்துக்கே போய் எடுத்தது. கல்யாணம், மறுவீடு, விருந்துன்னு அலைஞ்சதுல புடவைய யாரு மடிச்சா எங்க வச்சான்னே எனக்குத் தெரியல. அத்தை பாவம் நல்ல எண்ணத்துலதான் கடைக்காரன் குடுத்த பிளாஸ்டிக் கவர்லயே அதைப் போட்டு உள்ள நாலு அந்துருண்டையும் போட்டு பீரோ மேல்தட்டுல பத்திரமா வச்சிருக்காங்க. ஹோமப் புகை, என் வேர்வை, கொசுவத்துக்குள்ள ஒட்டின அட்சதை, தோள்ல குத்தின ஊக்கு, எல்லாத்தோடயும்.

அப்புறம் 2022ல வளைகாப்புக்கு அதையே கட்டலாம்னு எடுத்தேன். கவரைப் பிரிச்சதும் அந்துருண்டை வாசனை ஆளைத் தூக்குது. ஊக்கு இருந்த இடத்துல துரு ஏறி பழுப்பா ஒரு கறை. அதைக்கூட மடிப்புல மறைச்சுடலாம், முந்தானை சரிகை மேல பத்து ரூபா காசு அளவுக்கு ரெண்டு இடத்துல கன்னங்கரேல்னு இருக்கு பாருங்க, அழுகையே வந்துடுச்சு. டிரை கிளீனிங் கடைக்காரர் நகத்தால லேசா சுரண்டிப் பாத்துட்டு "இது அழுக்கு இல்லம்மா, சரிகையே கறுத்துடுச்சு, ஒண்ணும் பண்ண முடியாது"ன்னுட்டார். சுரண்டின இடத்துல உள்ள சிவப்பு நூல் எட்டிப் பாத்துச்சு. நல்ல சரிகைன்னா அப்படித்தான், நடுவுல சிவப்புப் பட்டு நூல், அதைச் சுத்தி வெள்ளிக் கம்பி, மேல தங்க முலாம், அந்தத் தங்கம் ஒரு சதவீதம்கூட தேறாது. வெள்ளிங்கறதால கொலுசு கறுக்கற மாதிரியே இதுவும் கறுக்கும். கொலுசுன்னா விபூதி போட்டுத் தேய்க்கலாம், சரிகையைத் தேய்ச்சா முலாமே போயிடும்.

அன்னைக்கு அம்மா தன்னோட கல்யாணப் புடவையையும் எடுத்துட்டு வந்தாங்க. 1991ல எடுத்தது, வீணாப் போயிடும்னு பயந்து பயந்து கட்டவே இல்ல. கறை ஒண்ணுகூட இல்ல, ஆனா ரெண்டு கையால பிரிச்சேன், மடிப்புல அப்பளம் மாதிரி நேர்க்கோட்டுல விட்டுடுச்சு. அத்தனை வருஷமும் ஒரே மடிப்பு. அப்பத்தா புடவை அதைவிட எவ்வளவோ பழசு, தகரப் பெட்டில வேட்டி சுத்தி இருந்தது, ஆனா பொங்கல் தீபாவளி விசேஷம்னு வருஷத்துக்கு நாலு தடவை கட்டி நிழல்ல உதறிப் போட்டு மறுபடி மடிச்சு வச்சதால இன்னும் கட்டலாம்.

அதனால தங்கச்சிகிட்ட சொன்னது இவ்வளவுதான். கழட்டினதும் மடிக்காத, ஊக்கு எல்லாம் எடுத்துட்டு நிழல்ல ஒரு நாள் காத்தாட விடு, வெயில் வேணாம். டிரை கிளீனிங் குடுக்கும்போது கறை எங்க, என்ன கறைன்னு காட்டிக் குடு, பாயசமா எண்ணெயான்னு அவருக்கு எப்படித் தெரியும். அப்பாவோட பழைய வேட்டி, நல்லா அலசி கஞ்சி போகத் துவைச்சது, அதுல சுத்தி வை. கஞ்சி இருந்தா பூச்சி வரும். ஹேங்கர்ல தொங்க விடாத, அந்தக் கனத்துக்கு இழை இழுத்துக்கும். பூச்சிக்கு வசம்பைத் துணில முடிஞ்சு பக்கத்துல வச்சா போதும், புடவை மேல வேணாம். கட்டிட்டு அப்புறம் சென்ட் அடிக்காத. முக்கியமா அந்த ஆரி ஒர்க் பிளவுஸை (பிளவுஸ் தையக்கூலி புடவை விலைல பாதி, அதைப் பத்தி தனியா ஒரு நாள் புலம்பறேன்) புடவைக்குள்ள வச்சு மடிக்கவே மடிக்காத, கல்லும் கொக்கியும் பட்டு இழையைப் பிடிச்சு இழுத்துடும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து மடிப்பை மாத்தி மடி, மறந்துடுவன்னா போன்ல ரிமைண்டர் போட்டுக்கோ.

அம்மா புடவை உடம்பு போனாலும் பார்டர் கிண்ணுன்னு இருந்துச்சு, அதை வெட்டி என் பொண்ணுக்குப் பாவாடை தைச்சோம், முதல் நாளே கேசரி கொட்டிட்டா. நான் இப்ப கறுத்த முந்தானையோடயே எல்லா விசேஷத்துக்கும் அந்தப் புடவைய கட்டிக்கிறேன், டிசைன்னு நினைச்சுக்கறவங்க நினைச்சுக்கட்டும். அத்தை இன்னும் மாசச் சாமான் லிஸ்ட்ல அந்துருண்டை எழுதுவாங்க. வாங்கிட்டுத்தான் வர்றேன், வாஷ்பேசின்ல போட.