பயந்தால் எனக்கு அனுப்புங்கள்
'இதைப் பிரதி எடுத்துப் பலருக்கு அனுப்பு, இல்லாவிட்டால் கேடு வரும்' என்ற மிரட்டல் கடிதம் எண்பதுகளில் 15 பைசா அஞ்சலட்டையில் வரும். மேலே பெருமாள் பெயர், கீழே நுணுக்கி எழுதிய கதை: கோயிலில் பாம்பு மனித உருவெடுத்துப் பேசியதாம். பிரதி எடுத்து அனுப்பியவருக்கு லாட்டரி, கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கிச் செத்தார்.

இப்போது அதே மிரட்டல் வாட்ஸ்அப்பில். 2018-இல் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி இந்தியாவில் கட்டுப்படுத்தினார்கள். அப்புறமும் நிற்கவில்லை. வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது இது வந்தால், நம்பாதவர்களுக்கே கை நடுங்கும். அனுப்பாததால்தான் இப்படி ஆயிற்று என்று அழுத அத்தையைப் பார்த்திருக்கிறேன். சாமி பேரைச் சொல்லி இப்படி வதைப்பது கொடுமை.

தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். மனசு கேட்கவில்லையா, எனக்கு மட்டும் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். நான் அழித்துவிடுகிறேன்.