ஜன்னலுக்குக் கீழே நின்ற பையன்

போன கோடையில் மகளுக்குப் பல்கலைக்கழகம் பார்க்க ரொறன்ரோவிலிருந்து அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகருக்குப் போனோம். எனக்கு அங்கே வேறு ஒரு வேலை இருந்தது. ஹில் டிஸ்ரிக்ற் பகுதியில், பெட்ஃபோர்ட் அவெனியூ 1727ஆம் இலக்க வீட்டைப் பார்க்க வேண்டும். நாடகாசிரியர் ஓகஸ்ட் வில்சன் 1945இல் பிறந்து, சின்ன வயதில் வளர்ந்த வீடு அது.

15 வயதில் அவர் நெப்போலியனைப் பற்றி 20 பக்கக் கட்டுரை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆசிரியர் நம்பவில்லை, பார்த்து எழுதியது என்றார். பையன் கட்டுரையைக் குப்பைக் கூடையில் எறிந்துவிட்டு வெளியே போய்விட்டான். மறுநாள் காலை அதிபருடைய ஜன்னலுக்குக் கீழே நின்று கூடைப்பந்து விளையாடினானாம், யாராவது இறங்கி வந்து ஏன் வகுப்புக்குப் போகவில்லை என்று கேட்கமாட்டார்களா என்று. ஒருவரும் வரவில்லை. அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அப்புறம் அவர் படித்ததெல்லாம் கார்னகி நூலகத்தில்தான். பிற்காலத்தில் அந்த நூலகமே அவருக்கு உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் கொடுத்தது.

20 டொலருக்கு ஒரு தட்டச்சு இயந்திரம் வாங்கி எழுதத் தொடங்கியவர், 20ஆம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்றாகக் கறுப்பின மக்களின் வாழ்க்கையைப் பத்து நாடகங்களாக எழுதி முடித்துவிட்டு 2005இல் இறந்தார். இரண்டு புலிற்சர் பரிசு. எனக்குப் பிடித்தது ‘ஃபென்சஸ்’. குப்பை அள்ளும் தகப்பன் ஒருவன் வளவைச் சுற்றி வேலி அடைக்கிறான், மகனை விளையாடப் போகவிடாமல் மறிக்கிறான். வேலி அடைப்பதைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அந்த வீட்டு வாசலில் நிற்கும்போது எட்டாம் வகுப்புதான் நினைவுக்கு வந்தது. “கொப்பி அடிச்சிருக்கிறாய்” என்று ஓர் ஆசிரியர் என் கட்டுரையைத் திருப்பித் தந்தார். நான் போய் வேப்பமரத்தடியில் இருந்துவிட்டேன். இரண்டு பாடம் போயிருக்கும், நூலகத்துக்குப் பொறுப்பாயிருந்த சேர் வந்தார். “தம்பி, ஏன் இங்கை இருக்கிறாய்?” சொன்னேன். உள்ளே கூட்டிக்கொண்டு போய், தாள் ஒன்று தந்து, தன் முன்னாலேயே இருத்தி ஒரு பக்கம் எழுதச் சொன்னார். அதை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனார். பின்னேரம் என் கட்டுரைக்குப் புள்ளி கிடைத்தது.

சேர் இப்போது இல்லை. அவருடைய படம் யாரிடமாவது இருந்தால் அடுத்த மலருக்கு அனுப்பிவையுங்கள்.