நூல் யார் காசு?

நான் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க எங்கள் வீட்டில் தூங்கப்போகும்போதும் தையல் மெஷின் சத்தம் கேட்கும், எழுந்திருக்கும்போதும் கேட்கும். அம்மா உள்பாவாடை தைத்தார். கடைக்காரர் வெட்டிய துணியை டஜன் டஜனாகக் கட்டிக் கொடுப்பார், தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் டஜனுக்கு இவ்வளவு என்று கூலி. மெஷின் எங்களுடையது, ஊசி, எண்ணெய், பெல்ட் எல்லாம் எங்களுடையது, நூலும் எங்கள் காசில்தான். நூல்கண்டு தீர்ந்துபோனால் என்னைத்தான் கடைக்கு அனுப்புவார். அதில் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்தக் கேள்வியை 1885லேயே பெர்லினில் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கேட்டவர்கள் தையல்காரப் பெண்கள்.

அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒட்டீலியே பாடர், 1847இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அம்மா இறந்துபோக, 13 வயதில் அப்பாவோடு பெர்லினுக்கு வந்து வேலைக்குப் போனார். காலர், கஃப் தைக்கும் பட்டறையில் வேலை. பிரான்சோடு 1870இல் போர் வந்ததும் சரக்கு விற்கவில்லை என்று சொல்லிக் கூலியைப் பாதியாக்கினார்கள், வேலை நேரம் மட்டும் குறையவில்லை. பிறகு அவர் சொந்தமாக ஒரு மெஷின் வாங்கி வீட்டிலேயே தைக்க ஆரம்பித்தார். அந்த நாட்களைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார்: காலை 4 மணிக்கு எழுந்து வீட்டை ஒழுங்குபடுத்திச் சமையலுக்கு வேண்டியதைச் செய்துவைப்பது, 6 மணிக்கு மெஷினில் உட்கார்ந்தால் மதியம் ஒரு மணி நேரம் தவிர நள்ளிரவு 12 மணிவரை மிதிப்பது. எதிரே ஒரு சின்னக் கடிகாரம் வைத்திருப்பாராம். ஒரு டஜன் காலருக்கு ஆன நேரத்தைவிட அடுத்த டஜனுக்கு ஒரு நிமிஷம்கூட அதிகமாகிவிடக் கூடாது என்று பார்த்துக்கொள்வதற்காக. மேஸ்திரி கிடையாது, சூபர்வைசர் கிடையாது, தன்னையே தான் விரட்டிக்கொள்வது. பீஸ் ரேட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

சரி, அந்த 1885. தையல் நூலுக்கு இறக்குமதி வரியை ஏற்றலாம் என்று ஜெர்மன் அரசு யோசித்தது. பெரிய முதலாளிகளுக்கு அது கணக்குப் புத்தகத்தில் ஒரு பதிவு, அவ்வளவுதான். பெர்லினில் ஆயிரக்கணக்கான வீட்டுத் தையல்காரப் பெண்களுக்கோ நூல் அவர்கள் கூலியிலிருந்து போகும் காசு. கூட்டம் கூட்டமாக வந்தார்கள், பேசினார்கள். தொழிற்சங்கமே பார்த்திராத பெண்கள் நூலை முன்னிட்டுக் கூடி, கூலியைப் பற்றிப் பேச்சைக் கொண்டுபோனார்கள். தையல் கூலி எப்படி இருக்கிறது என்று அரசே விசாரிக்க வேண்டி வந்தது. அதே ஆண்டில் எம்மா ஈரர் முதலானவர்கள் சேர்ந்து பெண் தொழிலாளர் நலனுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள், 1886இல் போலீஸ் அதை மூடிவிட்டது.

அம்மாவிடம் இந்த நூல் வரிக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்களுக்கும் நூலு அவங்க காசுதானா கண்ணு?" என்று கேட்டார்.

சங்கத்தை ஏன் மூடினார்கள் என்பதைச் சொன்னால்தான் இந்தப் பெண்கள் செய்தது எவ்வளவு பெரிது என்று தெரியும். பிரஷ்யாவில் 1850இலிருந்து ஒரு சட்டம். பெண்களும் மாணவர்களும் தொழில் பழகும் பையன்களும் அரசியல் அமைப்புகளில் உறுப்பினராகக் கூடாது, அந்த அமைப்புகளின் கூட்டங்களில் உட்காரவும் கூடாது. ஹாம்பர்க் போன்ற சில இடங்களில் இந்தத் தடை இல்லை, ஆனால் பிரஷ்யா என்பது ஜெர்மனியின் பெரும்பகுதி. எது அரசியல் என்று முடிவுசெய்வதும் போலீஸ்தான். கூட்டத்தில் ஓர் அதிகாரி உட்கார்ந்திருப்பார், பேச்சு கூலியிலிருந்து சட்டத்துக்குப் போனால் போதும், எழுந்து கூட்டத்தைக் கலைத்துவிடலாம். கூலி நிர்ணயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு சட்டத்தைத் தொடாமல் இருப்பது எப்படி? இதற்கு மேல் 1878இலிருந்து 1890வரை சோசலிஸ்டுகளுக்கு எதிரான தனிச்சட்டம் வேறு, அது ஆண்களையும் சேர்த்துத்தான் அடித்தது.

பெண்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. அமைப்பு வைத்தால்தானே தடை? அமைப்பே வேண்டாம். பொதுக்கூட்டம் ஒன்றைக் கூட்டி, அதில் ஒரே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுப்பார்கள், 'நம்பிக்கைக்குரியவர்' என்று பெயர். உறுப்பினர் பட்டியல் கிடையாது, தலைவர், செயலாளர், சந்தா எதுவும் கிடையாது, தனி ஒரு ஆள், அவ்வளவுதான், அவரைச் சங்கம் என்று சொல்லி மூட முடியாது. துண்டறிக்கை கொடுப்பது, பேச்சாளரை அழைப்பது, பெண்களைத் தொழிற்சங்கத்தில் சேர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. சோசலிஸ்ட் கட்சியில் இப்படிப் பொறுப்பில் இருப்பவரைக் குறிக்கும் சொல்லே 'ஆண்' என்று முடியும். 1892இல் அதை 'நபர்' என்று மாற்றினார்கள், பெண்களும் அந்த இடத்துக்கு வரலாம் என்பதற்காக. இந்தப் பெண்களுக்கெல்லாம் மையமான பொறுப்பாளராக 1900இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர், கடிகாரத்தை எதிரில் வைத்துக் காலர் தைத்த அதே ஒட்டீலியே பாடர். 1907இல் நாடு முழுக்க இப்படி 400 பேருக்கு மேல் இருந்தார்கள்.

நடுவில் 1902இல் பிரஷ்ய உள்துறை அமைச்சர் ஒரு சலுகை கொடுத்தார். அரசியல் கூட்டத்துக்குப் பெண்கள் வரலாம், ஆனால் தனியாகப் பிரித்துவிட்ட ஒரு பகுதியில்தான் உட்கார வேண்டும், வாய் திறக்கக் கூடாது. வேலை நிறுத்தத்தில் முன்வரிசையில் நின்றவர்கள், தன் கூலியைப் பற்றிய பேச்சைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்க வேண்டும். படிக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

போலீசை மட்டும் குறை சொன்னால் அது பாதி உண்மைதான். தோழர்களும் சுலபமாக விட்டுவிடவில்லை. 1860களில் ஜெர்மன் தொழிலாளர் இயக்கத்தில் பெண்கள் ஆலை வேலைக்கு வருவதையே எதிர்த்தவர்கள் நிறைய. அவர்கள் பயத்துக்குக் காரணம் இருந்தது, அதை மறுக்க முடியாது: பெண்ணுக்குப் பாதிக் கூலி கொடுத்து ஆணை வெளியே அனுப்புவது முதலாளிகள் நிஜமாகவே செய்த வேலை. ஆனால் அதற்கு மருந்து பெண்ணையும் சங்கத்தில் சேர்த்து ஒரே கூலி கேட்பது, அவளை வீட்டுக்குத் துரத்துவது இல்லை. 1875இல் கோதா நகரில் சோசலிஸ்ட் கட்சிகள் ஒன்றுசேர்ந்தபோது பெண்களுக்கும் வாக்குரிமை என்று திட்டத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும் என்று கட்சித் தலைவர்களில் ஒருவரான அகஸ்ட் பெபல் கேட்டார், தோற்றுப்போனார். அது எர்ஃபர்ட் நகரில் கட்சி ஏற்றுக்கொண்ட புதிய திட்டத்தில் எழுதப்படுவதற்கு 1891 ஆயிற்று. இடையில் 1879இல் பெபல் பெண்ணும் சோசலிசமும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், தடைசெய்யப்பட்ட புத்தகம், கைக்குக் கை மாறி ஒட்டீலியே பாடரிடமும் வந்தது. ஒரு தடவை இல்லை, பத்துத் தடவையாவது படித்திருப்பேன் என்கிறார் அவர். நாளுக்குப் பதினேழு மணி நேரம் மிதித்துவிட்டு!

1889 ஜூலையில் பாரிசில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு. அதில் எழுந்து பேசினார் 32 வயது கிளாரா ஜெட்கின். சாக்சனியில் பிறந்து ஆசிரியையாகப் படித்தவர், ரஷ்யரான ஓசிப் ஜெட்கினோடு பாரிசில் வாழ்ந்தவர். ஓசிப் அந்த ஜனவரியில்தான் நோயில் இறந்திருந்தார், கையில் இரண்டு சின்னப் பையன்கள். பெண் வேலைக்குப் போவதால் கூலி குறையவில்லை, அவள் உழைப்பை முதலாளி தனதாக்கிக்கொள்வதால் குறைகிறது என்பதுதான் அவர் பேச்சின் சாரம். சொந்தச் சம்பாத்தியம் இல்லாத பெண்ணுக்கு விடுதலை இல்லை என்றும் சொன்னார். பெண்களுக்கென்று தனிப் பாதுகாப்புச் சட்டம் கூடாது, அது நம்மை வேலையிலிருந்து தள்ளிவைக்கும் என்றுகூட அன்றைக்கு வாதாடினார், சில ஆண்டுகளில் அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டார். நேரில் ஆலைப் பெண்களைப் பார்த்துப் பேசி மாற்றிக்கொண்டதாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன், அவர்மீது மரியாதை கூடுகிறது. 'சமத்துவம்' என்று பொருள்படும் பெயரில் ஷ்டுட்கார்ட்டில் வந்த பெண் தொழிலாளர் பத்திரிகைக்கு 25 ஆண்டுகள் அவர்தான் ஆசிரியர். முதல் உலகப் போருக்கு முன்பு அது 1,00,000 பிரதிக்கு மேல் போனது.

வீட்டில் உட்கார்ந்து தைப்பவர்களை ஒன்று சேர்ப்பது ஆகாத காரியம் என்று எல்லோரும் சொல்வார்கள், இன்றைக்கும் சொல்கிறார்கள். 1896 பிப்ரவரியில் பெர்லினில் 20,000க்கும் மேற்பட்ட ரெடிமேட் துணித் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள், பெரும்பாலும் பெண்கள். கூலி உயர்வோடு அவர்கள் கேட்ட முக்கியமான விஷயம் பட்டறை. கம்பெனி தானே இடம் போட்டு, வெளிச்சமும் மெஷினும் வைத்து வேலை வாங்கட்டும், இடையில் காண்ட்ராக்ட்காரர் வேண்டாம், எங்கள் படுக்கையறை உங்கள் பட்டறை இல்லை. கூலி ஒப்பந்தம் கிடைத்தது, முதலாளிகள் அதை நீண்ட நாள் மதிக்கவில்லை. பட்டறை கிடைக்கவே இல்லை.

அப்புறம் கிரிமிட்சாவ். சாக்சனியில் ஒரு சின்ன நெசவாலை ஊர், 1903 ஆகஸ்ட். ஏறக்குறைய 8,000 தொழிலாளர்கள், பாதிப்பேர் பெண்கள். வேலை நாள் 11 மணி நேரம், அதைப் பத்தாக்கு என்பது கோரிக்கை. ஒரே ஒரு மணி நேரம்! அவர்கள் முழக்கத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "ஒரு மணி நேரம் எங்களுக்கு, ஒரு மணி நேரம் குடும்பத்துக்கு, ஒரு மணி நேரம் வாழ்வதற்கு." ஆலையிலிருந்து வீட்டுக்கு வந்தால் அடுப்பு, துணி, பிள்ளை என்று இரண்டாவது ஷிஃப்ட் தொடங்கும் பெண்ணை மனதில் வைக்காமல் இந்த வரியை யாரும் எழுதியிருக்க முடியாது என்றுதான் நான் நம்புகிறேன். ஐந்து மாதம் நின்றார்கள். நாடு முழுக்கத் தொழிலாளர்கள் பணம் அனுப்பினார்கள், 10 லட்சம் மார்க்குக்கு மேல் சேர்ந்தது. மறுபக்கம் நாடு முழுக்க முதலாளிகளும் கிரிமிட்சாவ் முதலாளிகளுக்குப் பணம் திரட்டினார்கள், அந்தப் போராட்டத்தைப் பார்த்துத்தான் 1904இல் தங்களுக்கு ஒரு மைய அமைப்பே வைத்துக்கொண்டார்கள். ஊரில் போலீஸ் குவிந்தது, கூட்டங்களுக்குத் தடை, வேலை நிறுத்தக்காரர்களின் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்துக்குக்கூடத் தடை. 1904 ஜனவரியில் ஒன்றும் கிடைக்காமல் ஆலைக்குத் திரும்பினார்கள்.

பெண்களுக்கு 10 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று 1908இல் சட்டம் வந்தது, நடைமுறைக்கு வந்தது 1910இல். கிரிமிட்சாவ் பெண்களுக்கு யாரும் போய் இது உங்களால் வந்தது என்று சொல்லியிருப்பார்களா?

அதே 1908இல் அரசியல் அமைப்பில் சேரும் தடையும் போனது. அந்த ஆண்டு கட்சியில் பெண் உறுப்பினர்கள் 29,458, 1914இல் 1,74,754. ஹாம்பர்க் துறைமுகத் தொழிலாளர் வேலை நிறுத்தத்தில் அவர்கள் மனைவிகளைத் திரட்டிய லூயிஸே சீட்ஸ் கட்சித் தலைமைக் குழுவுக்கு வந்தார், அந்த இடத்துக்கு வந்த முதல் பெண். ஆனால் தாங்களே கட்டி வளர்த்த நம்பிக்கைக்குரியவர் ஏற்பாடு இனி தேவையில்லை என்று ஆகிவிட்டது. சட்டத்துக்குப் பயந்து தனியாக நின்றபோது தங்கள் விஷயத்தைத் தாங்களே முடிவுசெய்த பெண்கள், சேர்ந்த பிறகு ஆண்கள் நிறைந்த கமிட்டிகளைக் கேட்க வேண்டியிருந்தது. கிடைத்தது பெரிதா, போனது பெரிதா என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை.

1910இல் கோபன்ஹேகன் மாநாட்டில் கிளாரா ஜெட்கினும் கேட்டே டுங்கரும் மற்றவர்களும் பெண்கள் தினத்தை முன்மொழிந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. முதல் தினம் 1911 மார்ச் 19, வாக்குரிமைதான் கோரிக்கை. 1914இல் கட்சி போருக்குப் பணம் ஒதுக்க வாக்களித்தபோது ஜெட்கின் எதிர்த்து நின்றார். 1915இல் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் போருக்கு எதிராகப் பெண்கள் மாநாடு கூட்டிவிட்டு வந்தவரைக் கைதுசெய்தார்கள், 1917இல் கட்சி அவரிடமிருந்து பத்திரிகையையும் பிடுங்கிக்கொண்டது.

வாக்குரிமை 1918 நவம்பரில் வந்தது. 1919 பிப்ரவரி 19 அன்று ஜெர்மன் நாடாளுமன்றத்தில் முதன்முதலாக ஒரு பெண் உறுப்பினர் பேசினார். மரீ யூஹாட்ஸ், வீட்டு வேலையும் தையல் வேலையும் பார்த்தவர். கனவான்களே, சீமாட்டிகளே என்று தொடங்கியதற்கே சபையில் சிரித்தார்கள். அவர் தொடர்ந்தார். பழைய வழக்கப்படி இந்த அரசுக்குப் பெண்கள் நன்றிக்கடன் எதுவும் படவில்லை, நியாயமில்லாமல் பிடித்து வைத்திருந்ததைத்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார்.

ஒட்டீலியே பாடருக்கு அப்போது 71 வயது. இரண்டு ஆண்டு கழித்துத் தன் வாழ்க்கையை எழுதி வெளியிட்டார். அந்தச் சின்னக் கடிகாரமும் காலை 4 மணியும் நமக்குத் தெரியவருவது அதிலிருந்துதான். அதில் அவர் தைத்த பக்கங்களைத் தமிழில் சொல்லி அம்மாவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன், இன்னும் பாதிதான் ஆகியிருக்கிறது.