வில்சன் ஆற்றில் ஸ்டீல்ஹெட்: ஏறுகிற ஐந்தரை, இறங்குகிற ஐந்தரை

கடலுக்குப் போய் முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் ட்ரௌட் வகை மீன் ஸ்டீல்ஹெட். அதைத் தேடி ஓரிகனின் வில்சன் ஆற்றுக்குப் போன இரண்டு சனிக்கிழமை வீண். மூன்றாவதாகப் போன புதன்கிழமை கைகொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், மூன்று நாளும் புறப்படும்போது கேஜ், அதாவது ஆற்றின் நீர்மட்டம் அளக்கும் கருவி, காட்டிய எண் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஐந்தரை அடி. முதல் நாள் ஆறு பால் டீ நிறத்தில் இலையும் சுள்ளியுமாக ஓடியது. இரண்டாம் நாள் போய்ச் சேர்வதற்குள் ஓர் அடி ஏறிவிட்டது. புதன்கிழமைதான் அந்தப் பச்சை. முழங்கால் ஆழத்தில் பூட்ஸ் முனை மங்கலாகத் தெரியும், இன்னும் ஓரடி உள்ளே போனால் ஒன்றும் தெரியாது, அந்தப் பச்சை. பண்ணையில் வளர்த்து ஆற்றில் விட்ட ஹேட்சரி மீன் ஒன்று, திருப்பி விட்ட காட்டு மீன் ஒன்று, அறுத்துக்கொண்டு போனது இன்னொன்று. புது ஆற்றில் இது தாராளம்.

அதனால் இந்தக் குறிப்பில் முக்கால்வாசி கேஜ்தான். ராடு, ரீல் விஷயம் எல்லோருக்கும் தெரிந்தது.

ஓரிகன் கடற்கரை மலைத்தொடரில் பிறந்து, நெடுஞ்சாலை 6-ஐ ஒட்டியே இறங்கி, டில்லமூக் விரிகுடாவில் சேர்கிற ஆறு இது. பனி உருகி ஓடும் ஆறு அல்ல, சுத்தமான மழை ஆறு. மலை செங்குத்து, படுகை சிறியது. அதனால் இரவில் மழை கொட்டினால் காலையில் வெள்ளம். மேல்பகுதியில் இருக்கும் லீஸ் கேம்பில் 2006 நவம்பர் 6 அன்று 24 மணி நேரத்தில் 14.30 அங்குல மழை பதிவானது, அது ஓரிகன் மாநிலச் சாதனை. இப்படி ஓர் ஆற்றுக்கு மூன்று வாரம் முன்பே லீவு எழுதிக்கொடுத்து நாள் குறிப்பது சூதாட்டம். குளிர்கால ஸ்டீல்ஹெட்டுக்கு மாதத்தை நாம் குறிக்கலாம், நாளை ஆறுதான் குறிக்கும்.

வில்சனுக்கு எல்லோரும் சொல்லும் கணக்கு, 4 முதல் 6 அடிக்குள் தூண்டில் போடலாம், நாலரை முதல் ஐந்தரை வரை அருமை. கணக்கு சரிதான். தப்பு எங்கே வருகிறது என்றால், அந்த அடி ஆற்றின் ஆழம் அல்ல. கேஜ் வைத்த இடத்தில் யாரோ குறித்த ஒரு பூஜ்யத்திலிருந்து அளக்கும் உயரம். வில்சனின் 5 அடிக்கும் பக்கத்து நெஸ்டக்காவின் 5 அடிக்கும் சம்பந்தமே இல்லை. பழகிய ஆற்றின் எண்ணைப் புது ஆற்றுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் விழும் முதல் குழி இது.

இரண்டாவது குழிதான் நம் முதல் சனிக்கிழமை: எண்ணைப் பார்த்து, திசையைப் பார்க்காமல் விட்டது. ஏறுகிற ஆறு கரையைச் சுரண்டும், சாலையோர ஓடைச் சேற்றை இழுக்கும், உதிர்ந்து கிடக்கும் இலையை எல்லாம் அள்ளும். இறங்குகிற ஆற்றில் வருவது பெரும்பாலும் மண்ணுக்குள் ஊறி வடிந்து கசிகிற தண்ணீர். அதனால் ஏறும்போது 5.5 கலங்கல், இறங்கும்போது அதே 5.5 பச்சை. தூண்டிலில் இலை மாட்டுவதை எண்ணிப் பாருங்கள். மூன்று வீச்சுக்கு ஒரு இலை வந்தால் ஆறு இன்னும் ஏறுகிறது, கேஜ் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம். ஆறு ஏறும்போது மீனும் நகர்ந்துகொண்டே இருக்கும், ஆறு இறங்கத் தொடங்கிய பிறகுதான் ஓரிடத்தில் நிற்கும்.

அப்புறம் அடியை விட்டுக் கன அடிக்கு மாறுங்கள். மேட்டூர் அணைக்கு நீர்வரத்து வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று ரேடியோவில் கேட்டே வளர்ந்த காது நமக்கு, இதில் தயக்கம் வேண்டாம். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பக்கத்தில் வில்சனின் நிலைய எண் 14301500. அடியும் கன அடியும் இரண்டும் அங்கே உண்டு, 15 நிமிட இடைவெளியில் அளவு இருக்கும். வடிவதைக் கணிக்க ஒரு சின்ன வகுத்தல் போதும். நேற்றுக் காலை 6 மணிக்கு 3,000, இன்று அதே 6 மணிக்கு 2,100 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 0.7. மழை இல்லாவிட்டால் நாளைக்கு 2,100-ஐ மறுபடி 0.7-ஆல் பெருக்கத் தோன்றும், 1,470 வரும். ஆனால் ஆறு அப்படி வடியாது. உச்சத்திலிருந்து முதலில் வேகமாக இறங்கும், பிறகு இழுத்துக்கொண்டே போகும். அதனால் ஒவ்வொரு நாளும் விகிதத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள்: நாளை 0.75, மறுநாள் 0.8. அப்போது 1,575, அடுத்து 1,260. இந்தக் கன அடிக்கு எத்தனை அடி என்பதை அதே பக்கத்தின் பழைய பதிவில் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த விகிதம் ஆற்றுக்கு ஆறு மாறும். புது ஆறு என்றால் முந்தைய மூன்று குளிர்காலத்தின் கேஜ் வரைகோட்டை எடுத்து, ஒவ்வொரு உச்சிக்குப் பிறகும் நாளுக்கு எவ்வளவு குறைந்தது என்று எழுதி வையுங்கள். ஒரு சாயங்கால வேலை. கூடவே அந்தந்தத் தேதியில் யாராவது எடுத்துப் போட்ட படம் கிடைத்தால், தண்ணீர் நிறத்தைப் பக்கத்தில் குறியுங்கள். பத்துப் பன்னிரண்டு தேதி சேர்ந்ததும் அந்த ஆற்றின் பச்சை எந்த எண்ணில் தொடங்குகிறது என்று கையில் வந்துவிடும். அடுத்தவர் சொன்ன எண்ணை விட இது நம்பகமானது.

இரண்டாவது சனிக்கிழமை கெட்டதற்குக் காரணம் இதைவிட மடத்தனமானது. முன்கணிப்பு அட்டவணை உலகப் பொது நேரத்தில் இருந்தது. குளிர்காலத்தில் பசிபிக் நேரம் அதற்கு 8 மணி பின்னால். சனி 12:00-க்கு ஆறு ஏறத் தொடங்கும் என்று இருந்ததை நண்பகல் என்று படித்தால், உண்மையில் அது விடியற்காலை 4 மணி. காலை முழுக்கத் தூண்டில் போடலாம் என்று கிளம்பிய நேரத்திலேயே ஆறு ஏறிக்கொண்டிருந்தது. இப்போது அட்டவணையைத் திறந்ததும் முதல் வேலை, மேல் ஓரத்தில் என்ன நேரம் என்று பார்ப்பது.

மழைக் கணிப்பை அப்படியே நம்பவும் முடியாது. நவம்பரில் காய்ந்த மண்ணில் விழும் ஓர் அங்குலம் ஆற்றை அசைக்காமலே போகலாம், ஜனவரியில் ஊறிக் கிடக்கும் மண்ணில் அதே ஓர் அங்குலம் ஆற்றைத் தூக்கிவிடும். உறைநிலை உயரத்தையும் பாருங்கள். நெடுஞ்சாலை 6-இன் உச்சி சுமார் 1,600 அடி. பனிக்கோடு அதற்குக் கீழே இறங்கினால் மேல்பகுதி மழை பனியாக நின்றுவிடும், ஆறு கணித்த அளவுக்கு ஏறாது. ஆனால் சாலை உறைந்திருக்கும், தண்ணீரும் சில்லிடும். 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே மீன் மந்தம், இரை மூக்கு நுனியில் போனால்தான் வாய் திறக்கும். 42-ஐத் தாண்டினால் நகர்ந்து வந்து எடுக்கும். கிளம்புவதற்கு முன் மாநிலப் போக்குவரத்துத் துறையின் டிரிப்செக் கேமராவில் உச்சியை ஒரு பார்வை.

இன்னொன்று, கேஜ் சொல்லாத கலங்கல். மேலே எங்காவது களிமண் சரிந்தால் ஆறு 4.5-லும் சாம்பல் நிறத்தில் ஓடும். அதற்கு மருந்து மாற்று ஆறுதான். அந்தப் பக்கத்தில் தெளியும் வரிசை பொதுவாக இப்படி: முதலில் கில்ச்சிஸ், அடுத்து வில்சன், டிராஸ்க், பிறகு நெஸ்டக்கா, கடைசியில் பெரிய நெஹேலம். ஒரு பெருமழைக்குப் பிறகு நெஹேலம் தெளிய ஒரு வாரம்கூட ஆகும். வில்சன் கலங்கினால் கில்ச்சிஸ், வில்சன் கண்ணாடி போல் ஆகிவிட்டால் நெஸ்டக்கா. இதை எழுதி வண்டி டாஷ்போர்டில் ஒட்டியாயிற்று.

இடம் தேர்வு சுலபமாகவே முடிந்தது. செயற்கைக்கோள் படத்தில் கோடைகாலத் தேதியைத் தேர்ந்தெடுங்கள், ஆறு வற்றிக் கிடக்கும்போது பாறையும் மடுவும் அப்பட்டமாகத் தெரியும். மடு முடிந்து மேடேறும் வால்பகுதி, உள்வளைவின் ஓட்டக் கோடு, பெரிய பாறையின் பின்னால் உள்ள மெத்தென்ற தண்ணீர், இவற்றைக் குறித்துக்கொண்டால் போதும். மனிதன் நடக்கும் வேகத்தில் ஓடும் தண்ணீர், மூன்று முதல் ஆறு அடி ஆழம். தண்ணீர் அதிகமானால் மீன் கரையோரம் வரும். நிறைய பேர் மீன் மேலேயே கால் வைத்து நடுவே வீசுகிறார்கள். ஜோன்ஸ் கிரீக் பக்கம் மாநிலக் காடு, இறங்கலாம். கீழ்ப்பகுதி பெரும்பாலும் தனியார் மேய்ச்சல் நிலம், மில்ஸ் பிரிட்ஜ், சாலி ஸ்மித் பிரிட்ஜ் துறைகளில் படகு இறக்குகிறவர்களுக்கானது.

தக்கை பற்றி ஒரு புலம்பல். அரை அவுன்ஸ் என்று அச்சடித்த தக்கை அரை அவுன்ஸ் ஈயத்தைத் தாங்க வேண்டும். ஒரே பாக்கெட்டில் வந்த ஆறு தக்கையில் இரண்டு முங்கிவிட்டன, ஒன்று பாதி உடம்பு வெளியே தெரிய நின்றது. ஆற்றில் இதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். வீட்டில் வாளித் தண்ணீரில் ஈயம், சுழல்வளையம், மீன் முட்டை போன்ற பிளாஸ்டிக் மணி, முள் எல்லாம் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். வர்ணம் பூசிய நுனி ஓர் அங்குலம் மட்டும் மேலே நிற்க வேண்டும். அதிகம் தெரிந்தால் முள் கட்டிய தங்கூஸில் சிறு ஈயக்குண்டு ஒன்று கடியுங்கள். தேறியதில் மார்க்கரால் ஒரு புள்ளி, தேறாதது குழந்தைகளுக்கு.

மற்றக் கட்டு வழக்கமானதுதான். 30 பவுண்டு பின்னல் நூல், ஆழத்தைக் குறிக்கத் தக்கையைத் தடுத்து நிறுத்தும் ஸ்டாப்பர் முடிச்சு, ஓடும் தக்கை, அரை அவுன்ஸ் ஈயம், கீழே 24 முதல் 30 அங்குலத்துக்கு 10 அல்லது 12 பவுண்டு ஃபுளூரோகார்பன் தங்கூஸ். பாறையில் சிக்கி இழுத்தால் தங்கூஸ் மட்டும் அறுந்து தக்கை தப்ப வேண்டும், அதற்குத்தான் அது பலம் குறைந்ததாக இருப்பது. பிளாஸ்டிக் மணி பச்சைத் தண்ணீருக்கு 12 மி.மீ., தெளிந்தால் 8 அல்லது 10. முள்ளுக்கு மேலே இரண்டு அங்குலம் விட்டுக் குச்சியால் இறுக்குங்கள். ஒட்டி வைத்தால் மீன் முள்ளை ஆழமாக விழுங்கும். ஆழம் சரிதானா என்பதைத் தக்கையே சொல்லும். தலை கீழ்நோக்கி, ஓட்டத்தின் திசையில் சாய்ந்தால் ஈயம் தரையில் உரசுகிறது, ஸ்டாப்பரை இறக்குங்கள். தலை மேலோட்டப் பக்கம் சாய்ந்தால் நூலை நாம்தான் பிடித்து இழுக்கிறோம், நூலைத் தூக்கி மேலோட்டப் பக்கம் போட்டுத் தளர்த்துங்கள். நேராக நிற்கும் தக்கைதான் மீன் பிடிக்கும். முள் தரையிலிருந்து ஓரடி, ஒன்றரை அடி உயரத்தில் போக வேண்டும்.

மணிகளுக்குக் கடையில் தனிப் பாக்கெட் வாங்குவது காசுக்குக் கேடு. கைவினைப் பொருள் கடையில் துளையிட்ட வெள்ளை மணி வாங்கி, நகப்பூச்சு இரண்டு கோட் அடித்தால் வேலை முடிந்தது. மங்கல் ஆரஞ்சு எடுபட்டது. பளபளப்பு ரோஸ் இன்னும் சோதனையில்தான்.

வாலுக்கு முன்னால், முதுகில் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பு வெட்டியிருந்தால், வெட்டிய இடம் ஆறியிருந்தால் ஹேட்சரி மீன், வைத்துக்கொள்ளலாம். துடுப்பு முழுதாக இருந்தால் காட்டு மீன், தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி விட வேண்டும். மீன்பிடி லைசென்ஸோடு கம்பைண்டு டேக் தனியாக வேண்டும், மீனை வைத்துக்கொண்ட உடனே அதில் பதிய வேண்டும். சூரியன் உதிப்பதற்கு ஒரு மணி முன்னிருந்து மறைந்த ஒரு மணி வரைதான் தூண்டில் போடலாம். விதிகள் நடுவிலும் மாறும், போகும் வாரத்தில் மறுபடி பார்க்கவும்.

அடுத்த கட்டம் கீழ்ப்பகுதியைப் படகில் பார்ப்பது. அது இன்னும் முடியவில்லை, அதற்குள் டிராஸ்க்கின் மூன்று குளிர்காலக் கோடு பாதி எழுதியாயிற்று. இரைக்கான மீன் சினைக்குப் போராக்ஸ் போட்டு வைத்த டப்பா ஃபிரிட்ஜில் காத்திருக்கிறது. இன்று காலை வில்சனின் விகிதம் 0.78. வியாழன் மழை அரை அங்குலத்துக்குள் நின்றால் சனிக்கிழமை ஐந்து அடிக்குக் கொஞ்சம் கீழே, இறங்குமுகமாக இருக்கும். வெள்ளி இரவு 9 மணிக்கும் சனி காலை 4 மணிக்கும் கேஜ் பார்க்க வேண்டும், இரண்டில் ஒன்று ஏறுமுகம் என்றாலும் கில்ச்சிஸ்.