விழுந்த தேக்கும் அரசாங்கத்துக்குத்தான்

2016 மழைக்காலத்தில், பர்மாவில் பெகு பக்கம் எங்கள் வயல் மேட்டில் தாத்தா காலத்திலிருந்து நின்ற தேக்கு ஒன்று காற்றில் சாய்ந்தது. பம்புக் கொட்டகை நசுங்கியதோடு சரி. காளியம்மன் கோவில் கதவுக்கு ஆகுமே என்று அம்மாவுக்குச் சந்தோஷம். ரம்பக்காரனைக் கூப்பிடக் கிளம்பிய என்னைப் பக்கத்து வயல் ஐயா நிறுத்தினார். "தம்பி, கை வச்சிடாதே. ஜெயிலுக்குப் போவே."

மிகையில்லை. அப்போது நடப்பில் இருந்தது 1992 வனச் சட்டம். நாட்டில் எங்கே நிற்கும் தேக்கும் அரசாங்கத்தின் சொத்து என்றது அது. "நிற்கும் தேக்கு என்றுதானே இருக்கிறது, என்னுடையது விழுந்துவிட்டதே" என்று வன அலுவலகத்தில் கேட்டேன். குமாஸ்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "விழும்போது யாருடையது?" என்றார். பதில் இல்லை.

நிலத்துக்கு ஏழாம் நம்பர் பாரம் இருக்கிறதே என்ற தைரியத்தில் போயிருந்தேன். 2012 விவசாய நிலச் சட்டத்துக்குப் பிறகு கிடைத்த அந்தத் தாள் பயிர் செய்யும் உரிமைக்குத்தான். 2008 அரசியலமைப்புப்படி எல்லா நிலத்துக்கும் கடைசிச் சொந்தக்காரர் அரசாங்கமே. அந்தப் பாரத்தையும் நகலாகக் கொண்டுபோனதால் முதல் நாள் வீண். ஒரிஜினலை எடுத்துக்கொண்டு போங்கள்.

இரண்டாவது தடவை பெயர்ச் சிக்கல். பழைய வரி ரசீதில் தாத்தாவின் தமிழ்ப் பெயர். குடும்பப் பட்டியலில் அவருடைய பர்மியப் பெயர். "இவர்கள் இரண்டு பேரா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊர்த்தலைவர் கையெழுத்து, இரண்டு சாட்சி, கோர்ட்டில் சத்தியக் கடுதாசி என்று மூன்று வாரம் ஓடியது. நம் வீடுகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். மரம் விழும்வரை காத்திருக்காமல், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று இப்போதே எழுதி வாங்கி வையுங்கள்.

அப்புறம் பெரிய அதிகாரி ஒருவர், "நாடு முழுக்க ஒரு வருஷம் மரம் வெட்டத் தடை, பெகு யோமா மலைப்பக்கம் பத்து வருஷம். நீ மரம் கேட்டு வருகிறாயா?" என்று சத்தம் போட்டார். வெட்டவில்லை ஐயா, விழுந்தது என்று நாலு தடவை சொன்னேன். போட்டோவைக் காட்டிய பிறகுதான் குரல் இறங்கியது. வேரோடு சாய்ந்தது தெரிகிற மாதிரி எடுத்து வைத்தது நல்லதாய்ப் போயிற்று.

அளக்க ஆள் வந்தபோதுதான் எனக்கு ஒரு வெற்றி. டேப்பை அடிமரத்தில் சுற்றி 54 அங்குலம் என்று எழுதினார். சுற்றளவில் கால் பங்கை அதே கால் பங்கால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குவதுதான் இங்கே கணக்கு. 50 கன அடி ஒரு டன். சுற்றளவை மரத்தின் நடுவில் எடுக்க வேண்டும் என்று, ரம்ப மில்லில் வேலை பார்த்த மாமா முதல் நாளே சொல்லியிருந்தார். மெதுவாகக் கேட்டேன். முறைத்தார், ஆனாலும் நடுவில் சுற்றினார். சரியாக 48. பதினெட்டு அடி நீளத்துக்கு 18 கன அடி. அடிமரக் கணக்கென்றால் 23-ஐத் தொட்டு, கட்டணமும் ஏறியிருக்கும்.

பணம் கட்டியதும் மரத்தின் நுனியில் சுத்தியலால் முத்திரை அடித்தார்கள். வண்டியில் ஏற்றும்போது அனுமதித் தாள் டிரைவர் பையில் இருக்கட்டும், வீட்டில் அல்ல. வழியில் இரண்டு இடத்தில் கேட்டார்கள்.

கதவு மாட்டியாயிற்று. முத்திரை விழுந்த நுனியை மட்டும் வில்லையாக அறுத்து வாங்கிக்கொண்டேன். சத்தியக் கடுதாசிக் கட்டு பறக்காமல் இருக்க அதன் மேல் வைத்திருக்கிறேன்.