பாணும் வாழைப்பழத் தோலும்

தரம் 8 விஞ்ஞானத் தாளில் ‘புள்ளிமானின் உணவுகள் இரண்டு தருக’ என்று கேட்டிருந்தேன். ஒரு பையன் ‘பாண், வாழைப்பழத் தோல்’ என்று எழுதியிருந்தான். பிழை போட்டேன். போட்ட பிறகுதான் உறுத்தியது. திருகோணமலைப் பிள்ளை வேறு என்ன எழுதும்? கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், பிரெட்றிக் கோட்டைக்குள் நிற்கும் மான்கள் அதைத்தானே தின்கின்றன. கை நீட்டினால் வந்து முகரும். கையில் ஒன்றும் இல்லையென்றால் கீழே கிடக்கும் சொப்பிங் பையை மெல்லும்.

சரி, காட்டு மானைக் காட்டிவிடுவோம் என்று இரண்டாம் தவணையில் கவுடுல்ல தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். அனுமதிக் கடிதம், பெற்றோர் ஒப்பம், பஸ் காசு என்று அலைந்த அலைச்சல் தனிக்கதை. கந்தளாய் தாண்டி, ஹபரணை வீதியிலிருந்து திரும்பிப் போய் ஜீப்புக்கு மாறினோம். 2002இல் தேசியப் பூங்காவான இடம். நடுவில் குளம், சுற்றிலும் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற வறண்ட காடு.

யானைகளும் கண்டோம். பிள்ளைகள் போட்ட சத்தத்தைச் சொல்லத் தேவையில்லை.

என் மனதில் நிற்பது அதற்கு முன் கண்டது. ஒரு பாலை மரத்தில் மந்திக் கூட்டம். பாதி கடித்த பழங்களையும் இலைக் கொத்துகளையும் கீழே தவறவிட்டுக்கொண்டிருந்தன. அடியில் ஏழெட்டு மான்கள் பொறுக்கித் தின்றன. மேலே இருக்கிற மந்திக்குத் தூரத்துப் பார்வை, கீழே நிற்கிற மானுக்கு மோப்பம். சிறுத்தை வந்தால் எது முதலில் அறிகிறதோ அது குரல் கொடுக்கும், மற்றதும் தப்பும். இதைத்தான் வருடா வருடம் கரும்பலகையில் படம் கீறி விளக்கிக்கொண்டிருந்தேன். நேரில் கண்டது எனக்கும் அன்றுதான் முதல்முறை.

நம்ம பையன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினான். பூங்காவில் விலங்குகளுக்குத் தீனி போடக்கூடாது. நான் அவன் கையைப் பிடிப்பதற்குள் ஒரு மான் காலை நிலத்தில் உதைத்தது. அவ்வளவுதான், எல்லாம் வாலைத் தூக்கிக்கொண்டு பற்றைக்குள் மறைந்துவிட்டன.

“டீச்சர், இதுகளுக்கு வாழைப்பழம் தெரியாதா?”

“தெரியாது தம்பி.”

“அப்ப எங்கட மான் ஏன் டீச்சர் பாண் தின்னுது?”

திரும்பி வரும் வழியெல்லாம் அதற்கு ஒரு பதில் தேடினேன். அடுத்த நாள் அவனுடைய தாளை எடுத்து, கழித்த புள்ளிகளைத் திரும்பப் போட்டேன். புள்ளிப் பதிவேட்டில் திருத்தினால் காரணம் எழுத வேண்டும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘கூட்டல் பிழை’ என்று எழுதினேன்.